ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ புராஜெக்டை நகலெடுக்க, ஃபார்மேட்டுக்கு முன் பேக்கப் எடுக்க: எதை எடுக்கணும், எதை விடலாம்?

சிறுகடை_ஆப் (கேள்வி)

வணக்கம். கோட்லினில் எழுதின கடைக் கணக்கு ஆப் ஒண்ணு பிளே ஸ்டோரில் இருக்கு. அதையே வேற பேர், வேற நிறம், கூடுதலா ரெண்டு ஸ்கிரீன் வெச்சு இன்னொரு வாடிக்கையாளருக்குத் தரணும். அடுத்த வாரம் லேப்டாப்பையும் ஃபார்மேட் பண்ணணும். விண்டோஸ் 11.

எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி, தமிழிலேயே ‘புதுக்கடை’ன்னு பேர் வெச்சேன். பாத்தில் ஆஸ்கி அல்லாத எழுத்து இருக்குன்னு பில்டு நின்னுடுச்சு. ஆங்கில எழுத்துக்கு மாத்தினதும் ஓடுது. ஆனா ஸ்டுடியோவில் மேலே இன்னும் பழைய பேர்தான் காட்டுது. போனில் ரன் பண்ணினா புது ஆப் தனியா வராம, பழைய டீபக் (சோதனை) ஆப் மேலேயே ஏறிடுது. பேக்கப்புக்கு ஜிப் போட்டா 1.8 ஜிபி வருது, கோடும் படங்களும் சேர்ந்தே 40 எம்பி தாண்டாது.

முறையா நகலெடுப்பது எப்படி? ஃபார்மேட்டுக்கு முன் இந்த ஃபோல்டர் ஒண்ணு போதுமா?

---

கிரேடில்_மேஸ்திரி

பழைய ஆப் மேலேயே ஏறும் சிக்கலை முதலில் பார்ப்போம். போனுக்கு உங்கள் ஃபோல்டர் பெயரும் தெரியாது, ஆப்பின் பெயரும் பொருட்டில்லை. அது பார்ப்பது அப்ளிகேஷன்ஐடியை, அதாவது ஆப்பின் தனி அடையாளப் பெயரை. இரண்டு ஏபிகே-க்கும் (போனில் நிறுவும் ஃபைல்) அது ஒன்றாக இருந்து கையொப்பமும் ஒன்றாக இருந்தால், பழைய ஆப்புக்கு அப்டேட் வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் எடுக்கும் டீபக் பில்டுகளுக்கெல்லாம் ஒரே டீபக் கீஸ்டோர்தான் (கையொப்பச் சாவி இருக்கும் ஃபைல்), அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏறிவிடுகிறது.

நகலெடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பெயர், நிறம், இரண்டு ஸ்கிரீன் மட்டும்தான் வித்தியாசம் என்றால் நகலே வேண்டாம். இரண்டு ஃபோல்டர் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு பிழையையும் இரண்டு முறை திருத்த வேண்டும், மூன்றாவது மாதத்தில் ஒன்றில் திருத்தி மற்றதில் மறப்பீர்கள். ஒரே கோடிலிருந்து பல ஆப் எடுக்கும் ப்ராடக்ட் ஃபிளேவர் வசதி இதற்காகவே இருக்கிறது. ஆப் மாட்யூலின் பில்டு.கிரேடில் ஃபைலில் (பில்டு கருவியான கிரேடிலின் அமைப்பு ஃபைல்) ஒரு ஃபிளேவர் டைமென்ஷன், அதற்குள் இரண்டு ஃபிளேவர், ஒவ்வொன்றுக்கும் தனி அப்ளிகேஷன்ஐடி. பிறகு எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் மெயினுக்குப் பக்கத்தில் ஃபிளேவர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, மாறுகிற ஸ்ட்ரிங்ஸ், கலர்ஸ், ஐகான் ஆகியவற்றை மட்டும் அதில் வையுங்கள். பில்டு செய்யும்போது மெயினில் உள்ளதற்குப் பதில் இவை போய் உட்காரும்.

ஒரு இடத்தில் மட்டும் பலரும் இடறுவார்கள். ரிசோர்ஸ் மாதிரி கோட்லின் கிளாஸ் மேலெழுதப்படாது. ஒரே பெயரில் ஒரு கிளாஸ் மெயினிலும் இருந்து ஃபிளேவரிலும் இருந்தால், இரட்டை அறிவிப்பு என்று கம்பைலர் நின்றுவிடும். மாறுகிற கிளாஸை மெயினிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு ஃபிளேவரிலும் தனித்தனியாக வைக்க வேண்டும்.

---

சிறுகடை_ஆப்

ஃபிளேவர் நல்ல யோசனைதான், ஆனா புது வாடிக்கையாளர் சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கேட்கிறார். பழைய வாடிக்கையாளரோட லோகோ, சர்வர் முகவரி எல்லாம் அதே ரெப்போவில் இருந்தா சிக்கல் ஆகாதா?

---

கிரேடில்_மேஸ்திரி

கண்டிப்பாக ஆகும். கோடு கைமாறுகிறது என்றால் தனி நகல்தான். கிட் (கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) ஹிஸ்டரியையும் கொடுக்கக்கூடாது, பழைய கமிட்டுகளில் (பதிவுகளில்) அந்த முகவரியும் கீகளும் அப்படியே கிடக்கும்.

எக்ஸ்ப்ளோரர் காப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுத்தமான நகலுக்கு எளிய வழி, பழைய ஃபோல்டரில் எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்டு, அந்த ஃபோல்டரையே மூலமாகக் காட்டி கிட் குளோன் செய்வது. கிட்டில் சேர்த்த ஃபைல்கள் மட்டும் வரும். பில்டு குப்பை, கேஷ், லோக்கல்.ப்ராபர்ட்டீஸ் எதுவும் வராது. குளோன் ஆனதும் ஒரிஜின் என்ற ரிமோட் உங்கள் பழைய ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் புது பிராஞ்ச் ஒன்றைப் புஷ் செய்தால் பழைய ரெப்போவுக்குள் போய் விழும். (ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் காப்பி செய்தால் இன்னும் மோசம், ஒரிஜின் நேராக உங்கள் கிட்ஹப் ரெப்போவையே காட்டும்.) உங்கள் விஷயத்தில் நகலில் உள்ள .கிட் ஃபோல்டரை அழித்துவிட்டு, கிட் இனிட் கொடுத்து முதல் கமிட்டிலிருந்து தொடங்குங்கள்.

பழைய பெயர் காட்டுவதற்குக் காரணம் இரண்டு இடங்கள். செட்டிங்ஸ்.கிரேடில் ஃபைலில் ரூட்புராஜெக்ட்.நேம், .ஐடியா ஃபோல்டருக்குள் .நேம் என்ற குட்டி ஃபைல். முதலாவதை மாற்றுங்கள், இரண்டாவதை அழியுங்கள்.

அடுத்து ஆப் மாட்யூலின் பில்டு.கிரேடிலில் அப்ளிகேஷன்ஐடியை மாற்றி, வெர்ஷன்கோடை 1-க்குக் கொண்டுவாருங்கள். அதே ஃபைலில் நேம்ஸ்பேஸ் என்று இன்னொரு வரி இருக்கும், அதைத் தொடவேண்டியதில்லை. ஆர் கிளாஸ் எந்தப் பேக்கேஜில் உருவாக வேண்டும் என்பது போன்ற உள்வேலைகளுக்கு மட்டுமே அது, வெளியுலகத்துக்குத் தெரியாது. நேம்ஸ்பேஸையும் மாற்றி, பேக்கேஜ் ஃபோல்டர்களையும் ரீஃபாக்டர் செய்து, இம்போர்ட்டெல்லாம் சிவப்பாகி அரை நாள் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் பிறகு ஓய்வாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்த நிலையில் ரன் கொடுத்தால் இரண்டு பிழைகளுக்கு வாய்ப்பு உண்டு. ஃபயர்பேஸ் (ஆப்புகளுக்கான கூகுளின் பின்தளச் சேவை) இருந்தால், இந்தப் பேக்கேஜ் பெயருக்குப் பொருந்தும் கிளையன்ட் இல்லை என்று கூகுள் சர்வீசஸ் பிளகின் நிற்கும். ஃபயர்பேஸ் கன்சோலில் தனிப் புராஜெக்ட் தொடங்கி, அதில் புது அப்ளிகேஷன்ஐடிக்கு ஓர் ஆப் சேர்த்து, புது ஜேசான் ஃபைலை இறக்கி ஆப் ஃபோல்டரில் வையுங்கள். பழைய ஜேசானைத் திறந்து பெயரை மட்டும் கையால் மாற்றுவதை யாரும் செய்யாதீர்கள். பில்டு ஓடும், ஆனால் புது ஆப்பின் தரவெல்லாம் பழைய வாடிக்கையாளரின் ஃபயர்பேஸுக்குள் போகும்.

இன்னொன்று, இன்ஸ்டால் செய்யும்போது ‘கான்ஃபிளிக்டிங் ப்ரொவைடர்’. மேனிஃபெஸ்டில் ஃபைல்ப்ரொவைடரின் (பிற ஆப்போடு ஃபைல் பகிரும் பகுதி) அத்தாரிட்டியை, அதாவது அதன் அடையாளத்தை, நேரடிப் பெயராக எழுதியிருந்தால் வரும். ஒரே அத்தாரிட்டியை இரண்டு ஆப் வைத்துக்கொள்ளப் போன் விடாது. அங்கே அப்ளிகேஷன்ஐடி ப்ளேஸ்ஹோல்டரைப் போட்டு, கோடில் அத்தாரிட்டியைச் சொல்லும் இடத்தில் கான்டெக்ஸ்ட்டின் பேக்கேஜ்நேமிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். பழைய புராஜெக்டிலும் இதையே செய்துவிடுங்கள்.

---

ஓலைப்பெட்டி

நகல் பத்தி மேஸ்திரி சொல்லிட்டார். நான் ஃபார்மேட் பத்திச் சொல்றேன், ஏன்னா ஆபத்து அங்கேதான் இருக்கு.

1.8 ஜிபி எங்கிருந்து வருதுன்னா, பில்டு ஃபோல்டர் (மேலேயும் ஒண்ணு, ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளேயும் ஒண்ணு), .கிரேடில், புது கோட்லினா இருந்தா .கோட்லின். இதெல்லாம் திரும்ப உருவாகிற சாமான், பேக்கப்புக்கு வேண்டாம். ஆனா பில்டு ஃபோல்டரைத் தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. ஆர்8 (கோடைச் சுருக்கிப் பேர்களை மாத்துற கருவி) போட்டு ரிலீஸ் பண்ணியிருந்தா, ஆப் பில்டு அவுட்புட்ஸ் மேப்பிங் ரிலீஸ்னு உள்ளே போனா மேப்பிங்.டெக்ஸ்ட் இருக்கும். கிராஷ் ரிப்போர்ட்டில் ‘ஏ.பி.சி’ன்னு வர்ற பேரைத் திரும்ப உங்க கிளாஸ் பேரா மாத்த அந்தப் பதிப்போட மேப்பிங் வேணும். ஏஏபி-யா (பிளேயில் ஏத்துற ஃபைல் வகை) பிளே கன்சோலில் ஏத்தினா அதுக்குள்ளேயே கூடப் போயிடும், கன்சோலில் வர்ற கிராஷைப் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிக் கொடுத்த பதிப்புக்கு அந்த வசதி இல்லை. பதிப்பு எண் போட்டு ஒரு ஃபோல்டர், அதில் ஏஏபி, மேப்பிங் ரெண்டும். இதைத் தனியா வையுங்க.

இப்போ புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே இருக்கிறது. உங்க ‘ஃபோல்டர் ஒண்ணு போதுமா’ கேள்விக்கு பதில் இதுதான்: போதாது.

முதல்ல ரிலீஸ் கீஸ்டோர், அந்த ஜேகேஎஸ் ஃபைல். பலர் அதை டாக்குமென்ட்ஸில் எங்கேயோ போட்டிருப்பாங்க. ஃபைலோட ஸ்டோர் பாஸ்வேர்டு, கீ ஏலியஸ், கீ பாஸ்வேர்டு மூணும் சேர்ந்தாத்தான் அது முழுசு. 2021 ஆகஸ்டுக்கு அப்புறம் பிளேயில் புதுசா ஏத்தின ஆப்பா இருந்தா பிளே ஆப் சைனிங் கட்டாயம், அப்போ உங்க கையில் இருக்கிறது அப்லோடு கீ மட்டும். தொலைஞ்சா கன்சோலில் ரீசெட் கேக்கலாம், காத்திருக்கணும் ஆனா ஆப் பிழைக்கும். அதுக்கு முந்தின ஆப், சைனிங்கில் சேரலைன்னா, கீ போனா அந்த ஆப்புக்கு இனி அப்டேட்டே கிடையாது. புதுப் பேக்கேஜ் பேரில் முதல்லேருந்து ஆரம்பிக்கணும், இன்ஸ்டால் பண்ணினவங்க யாரும் கூட வரமாட்டாங்க. பேக்கப்பில் ஒரே ஒரு ஃபைலுக்குத்தான் இடம்னா நான் கோடை விட்டுட்டு இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ரெண்டாவது, யூசர் ஃபோல்டருக்குள்ள .கிரேடில். அதில் கேஷஸ் பல ஜிபி, வேண்டாம். ஆனா அதே இடத்தில் கிரேடில்.ப்ராபர்ட்டீஸ்னு ஒரு ஃபைல் இருந்தா எடுத்துக்கோங்க. கீஸ்டோர் பாஸ்வேர்டைக் கிட்டுக்குள் போகக்கூடாதுன்னு அங்கேதான் எழுதி வைப்போம்.

மூணாவது, யூசர் ஃபோல்டரில் .ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள டீபக்.கீஸ்டோர். ரொம்பச் சின்ன ஃபைல், யாரும் எடுக்கிறதில்லை. ஃபார்மேட்டுக்கு அப்புறம் ஸ்டுடியோ புதுசா ஒண்ணு உருவாக்கிக்கும், அதோட எஸ்எச்ஏ-1 (சாவியோட கைரேகை மாதிரி எண்) வேற. டீபக் பில்டில் கூகுள் சைன்-இன் எரர் 10 கொடுத்து நிக்கும், கோடில் தேடினா ஒண்ணும் கிடைக்காது. டெஸ்ட் போனில் இருக்கிற பழைய டீபக் ஆப்பும் அப்டேட் ஆகாது, கையொப்பம் பொருந்தலைன்னு சொல்லும். அழிச்சுட்டுப் போட்டா அதிலிருந்த டெஸ்ட் டேட்டா போச்சு. அந்தப் பழைய ஃபைலைத் திரும்ப வெச்சா ரெண்டும் தீரும்.

நாலாவது, லோக்கல்.ப்ராபர்ட்டீஸ். எஸ்டிகே பாத் வரி மட்டும் இருந்தா விடுங்க, ஸ்டுடியோவே எழுதிக்கும். ஆனா மேப்ஸ் கீ மாதிரி எதையாவது அங்கே வெச்சிருந்தா அது வேற எங்கேயும் இல்லை. ஒரு தடவை திறந்து படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

---

சிறுகடை_ஆப்

நன்றி, டீபக் கீஸ்டோர் எனக்குத் தோணவே தோணாது. ஒரு சந்தேகம்: கோடு எல்லாம் கிட்ஹப்பில் புஷ் பண்ணித்தான் இருக்கு. அப்போ கோடுக்குத் தனி பேக்கப் வேணுமா? இல்ல புராஜெக்டையே ஒன்டிரைவ் ஃபோல்டரில் வெச்சுட்டா ரெண்டு வேலையும் முடியுமா?

---

நடுப்பகல்

ஒன்டிரைவ் வேண்டாம். கிரேடில் ஒரு பில்டில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை எழுதி அழிக்கும். அதே நேரத்தில் ஒன்டிரைவ் அவற்றைப் பிடித்து மேலே ஏற்றப் பார்க்கும். டைரக்டரியை அழிக்க முடியவில்லை என்று பில்டு அவ்வப்போது தோற்கும், மறுபடி ஓட்டினால் சரியாகும், காரணமே பிடிபடாது. விண்டோஸ் 11-இல் டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் தாமாகவே ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்புண்டு, அதையும் பாருங்கள். புராஜெக்டை டிரைவின் மேல்மட்டத்தில் சின்னப் பெயருள்ள ஃபோல்டரில் வைத்தால் 260 எழுத்து பாத் வரம்பிலும் மாட்டாது.

கிட்ஹப்பில் இருக்கிறது என்பதை நம்பும் முன் மூன்று கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள் (உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்கவும்).

கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ்: இங்கே இருந்து அங்கே போகாத கமிட்டுகள் தெரியும்.
கிட் ஸ்டாஷ் லிஸ்ட்: தற்காலிகமாக ஒதுக்கி ஸ்டாஷில் போட்டது ஒருபோதும் புஷ்ஷில் போகாது. ஏதாவது இருந்தால் தனி பிராஞ்சில் கமிட் செய்யுங்கள்.
கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்டு: கிட் கண்டுகொள்ளாமல் விட்ட ஃபைல்கள் அத்தனையும். ஓலைப்பெட்டி சொன்னவற்றில் பாதி இங்கே அகப்படும்.

மூன்றாவதில் கிரேடில்-ராப்பர்.ஜார் (பில்டைத் தொடங்கி வைக்கும் சின்ன ஃபைல்) வருகிறதா என்று பாருங்கள். ஜார் எல்லாவற்றையும் தவிர்க்கும் ஒரு வரி .கிட்இக்னோரில் இருந்தால் அது கிட்டுக்குள் போயிருக்காது. புதுக் கணினியில் குளோன் செய்து கிரேடில்டபிள்யூ ஓட்டினால், கிரேடில்ராப்பர்மெயின் கிளாஸ் இல்லை என்று நிற்கும்.

எல்லாம் புஷ் ஆனபின், கிட் பண்டில் கிரியேட் என்று ஒரு ஃபைல் பெயரும் --ஆல் என்பதும் கொடுங்கள். எல்லா பிராஞ்சும், டேகும், ஹிஸ்டரியும் ஒரே ஃபைலில் வந்துவிடும். கிட் பண்டில் வெரிஃபை கொடுத்துச் சரிபார்த்து, அந்த ஃபைலை ஒன்டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். திரும்ப எடுக்க, அந்த ஃபைலையே மூலமாகக் காட்டி கிட் குளோன் செய்தால் போதும். எல்எஃப்எஸ்-இல் வைத்த பெரிய ஃபைல்களும் சப்மாட்யூல்களும் (உள்ளே இணைத்த வேறு ரெப்போக்கள்) பண்டிலுக்குள் வராது, அவை இருந்தால் தனியாக எடுக்க வேண்டும். கீஸ்டோரைக் கிட்டுக்குள் போடாதீர்கள். அது ஓரிடத்திலும் அதன் பாஸ்வேர்டு வேறிடத்திலும் இருக்கட்டும், பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

ஃபோல்டரையும் காப்பி செய்ய விரும்பினால் விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை, /இ ஆப்ஷனோடு. இணையத்தில் பலர் /எம்ஐஆர் போடச் சொல்வார்கள். அது மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச் சேரும் இடத்திலிருந்து அழித்துவிடும். இரண்டு பாத்களை இடம் மாற்றி அடித்தால் காலி ஃபோல்டரை உங்கள் புராஜெக்டின் மேல் பிரதியெடுத்ததாகும். முதலில் /எல் சேர்த்து ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். /எக்ஸ்டி கொடுத்து பில்டு ஃபோல்டரைத் தவிர்க்கலாம், ஆனால் அது பெயரை மட்டுமே பார்க்கும். உங்கள் கோடுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் இருந்தால் அதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

---

ஓலைப்பெட்டி

நடுப்பகல் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு தடவை பில்டு எடுத்துப் பார்க்காம ஃபார்மேட்டைத் தொடாதீங்க. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப்.காமில் நடந்தது பொதுவெளியில் இருக்கு, அவங்களே எழுதி வெளியிட்டாங்க. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சுட்டார், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சினபோதுதான் நிறுத்த முடிஞ்சது. பேக்கப்பைத் தேடினா காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவி 9.2, அதனால் அது தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்ததைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரலை. வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி அதே பொறியாளர் கையால எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு.

உங்க அளவில் சோதனை இப்படி. பண்டிலிலிருந்து புது ஃபோல்டரில் குளோன் பண்ணுங்க. கிரேடில்_யூசர்_ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை ஒரு காலி ஃபோல்டருக்குக் காட்டி, பாஸ்வேர்டு இருக்கிற அந்த கிரேடில்.ப்ராபர்ட்டீஸை மட்டும் அதில் வெச்சு, ரிலீஸ் ஏஏபி பில்டு கொடுங்க. காலி ஃபோல்டர் ஏன்னா, உங்க பழைய கேஷில் இருக்கிற லைப்ரரி சிலது இப்போ இணையத்திலேயே இல்லாம இருக்கலாம். ஜேசென்டர்ங்கிற லைப்ரரி கிடங்கை மூடப்போறதா 2021-லேயே சொல்லிட்டாங்க, 2024 ஆகஸ்டிலிருந்து அந்த முகவரி மேவன் சென்ட்ரல்ங்கிற இன்னொரு கிடங்குக்குத்தான் போகுது. ஜேசென்டரில் மட்டும் இருந்த லைப்ரரி இந்த லேப்டாப்பில் கேஷ் தயவில் ஓடிக்கிட்டிருக்கும், ஃபார்மேட்டுக்கு அப்புறம் கிடைக்காது. அப்படி எதுவும் சிக்கினா, பழைய .கிரேடில் கேஷஸுக்குள்ள மாட்யூல்ஸ்-2, ஃபைல்ஸ்-2.1ன்னு போய் அந்த ஏஏஆர் (லைப்ரரி) ஃபைலை எடுத்து ஆப்பின் லிப்ஸ் ஃபோல்டரில் வெச்சுடுங்க. இதை இப்போத்தான் செய்ய முடியும்.

கீஸ்டோரையும் பேக்கப் நகலிலிருந்தே சோதிங்க. கீடூல் -லிஸ்ட் -வி ஓட்டினா ஏலியஸும் எஸ்எச்ஏ-1ம் வரும். கீடூல் கிடைக்கலைன்னா ஸ்டுடியோ நிறுவின இடத்தில் ஜேபிஆர், பின் ஃபோல்டருக்குள்ள இருக்கு. லிஸ்ட் வந்துச்சுன்னா ஸ்டோர் பாஸ்வேர்டு சரின்னு மட்டும்தான் அர்த்தம். பழைய ஜேகேஎஸ்-இல் கீக்குத் தனி பாஸ்வேர்டு இருக்கலாம், கையொப்பமிட்ட ரிலீஸ் பில்டு முழுசா வந்தாத்தான் அது உறுதி.

---

சிறுகடை_ஆப்

ரெண்டும் செஞ்சேன். காலி கேஷோட பில்டு பண்ணினப்போ பழைய சார்ட் லைப்ரரி ஒண்ணு கிடைக்கலை, ஏஏஆர் எடுத்து லிப்ஸில் வெச்சாச்சு. ரிலீஸ் பில்டும் கையொப்பத்தோட வந்துச்சு. ஆனா கீடூல் காட்டுற எஸ்எச்ஏ-1ம் பிளே கன்சோல் காட்டுறதும் ஒண்ணா இல்லை. தப்பான கீஸ்டோரையா எடுத்து வெச்சிருக்கேன்? ஃபார்மேட்டை நிறுத்தி வெச்சிருக்கேன்.

---

கிரேடில்_மேஸ்திரி

நிறுத்தி வைத்தது சரி. கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டு சான்றிதழ் இருக்கும். மேலே இருப்பது ஆப் சைனிங் கீ, அது கூகுளிடம் இருக்கிறது, உங்கள் ஃபைலோடு பொருந்தாது. அதற்குக் கீழே அப்லோடு கீ சான்றிதழ் என்று தனியாக ஒன்று, அதன் எஸ்எச்ஏ-1-ஐ ஒப்பிடுங்கள். அது பொருந்தினால் சரியான கீஸ்டோர்தான்.

மேலே இருக்கிற அந்த முதல் எஸ்எச்ஏ-1 உங்கள் ஃபயர்பேஸில் சேர்ந்திருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து இறக்குகிறவர்கள் போனில் இருப்பது அந்தக் கையொப்பம்தான். புது ஆப்புக்குக் கூகுள் கொடுக்கும் கீ வேறாக இருக்கும், அதை முதல் முறை ஏற்றியபின் எடுத்துப் புது ஃபயர்பேஸ் ஆப்பில் சேர்க்க வேண்டும்.

---

சிறுகடை_ஆப்

கீழே இருக்கிறது எழுத்துக்கு எழுத்து பொருந்துது. மேலே இருக்கிறது ஃபயர்பேஸில் ஏற்கெனவே இருக்கு. பண்டில், கீஸ்டோர், டீபக்.கீஸ்டோர், கிரேடில்.ப்ராபர்ட்டீஸ், மேப்பிங் ஃபோல்டர் எல்லாம் சேர்த்து 96 எம்பி. ஃபார்மேட் ஆரம்பிக்கிறேன்.